ஹேண்ட் பிரேக் போட்ட பிறகும்

எங்கள் வீட்டு போர்டிகோவில் கார் நான்கு மாதம் சும்மா நின்றது. வீட்டுக்காரருக்கு ஓசூருக்கு மாற்றலாகி, மாதம் இரண்டு தடவை மட்டும் திருச்சி வந்துபோக ஆரம்பித்த பிறகு அதை எடுக்க ஆளில்லை. எதிர்வீட்டுப் பூனை தினமும் மேலே படுத்துப் படுத்து கவர் ஓரிடத்தில் குழிந்தே போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து சாவியைத் திருப்பினால் 'டிக், டிக்' என்பதைத் தவிர வேறு சத்தமில்லை. பேட்டரி இறங்கிவிட்டது. மெக்கானிக் வந்து இன்னொரு பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்துவிட்டு, "வாரத்துக்கு ரெண்டு நாளாவது வண்டிய எடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் பூனையைப் பார்த்தேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி முற்றியதும் அதே சமயத்தில்தான். எங்கள் ஊர் கீரனூரைத் தாண்டி உள்ளே மூன்று கிலோமீட்டர். மாதம் ஒருமுறை திருச்சிக்கு வந்து டாக்டரைப் பார்க்க வேண்டும். பஸ் படிக்கட்டு ஒவ்வொன்றிலும் அம்மா முகம் சுண்டுவதைப் பார்த்துவிட்டு வாடகைக் கார் வைத்து அழைத்து வந்தால், "எதுக்குடி இந்தத் தண்டச் செலவு" என்று அடுத்த முறை சொல்லாமல் கொள்ளாமல் பஸ்ஸிலேயே வந்து இறங்குவாள். அந்தக் கணக்கையும் பேட்டரிக் கணக்கையும் கூட்டிப் பார்த்து, 43 வயதில் எல்எல்ஆர் போட்டேன். சாலைக் குறியீடுகளைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பரீட்சை. கணக்கு டீச்சர் என்பதால் பரீட்சைக்கெல்லாம் எனக்குப் பயம் கிடையாது. ஒரு தவறும் இல்லாமல் எழுதிவிட்டு வெளியே வந்து, ஏதோ லைசென்ஸே கையில் வந்துவிட்டதுபோல ஒரு கரும்பு ஜூஸ் குடித்தேன்.

எனக்கு வண்டி புதிதல்ல. 18 வருடமாக ஸ்கூட்டி ஓட்டுகிறேன். திருச்சி சாலைகளில் ஆட்டோக்காரர்களையே ஒதுங்க வைத்திருக்கிறேன். அதனால் கார் என்பது நாலு சக்கரமுள்ள ஸ்கூட்டி, பத்து நாள் வேலை என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். முதல் நாள் உட்கார்ந்து சீட் பெல்ட் போட்ட உடனே ஒரு விஷயம் உறைத்தது. ஸ்கூட்டியில் எந்த இக்கட்டு வந்தாலும் காலை ஊன்றிவிடலாம். இடது கால் தார்ச்சாலையைத் தொட்டுவிட்டால் உலகம் நின்றுவிடும். இங்கே ஊன்றுவதற்குத் தரையே இல்லை. கால்கள் இரண்டும் எங்கோ இருட்டில் மூன்று பெடல்களுக்கு நடுவே திக்குத் தெரியாமல் கிடந்தன. இடப்பக்கம் வண்டி எங்கே முடிகிறது என்பதும் தெரியவில்லை. சாலையோரத்துத் தள்ளுவண்டி ஒவ்வொன்றும் என் மடியிலேயே ஏறி வருவதுபோல இருந்தது.

பயிற்சிப் பள்ளியில் தனி வகுப்பு கேட்டு, அதற்குக் கூடுதலாகப் பணமும் கட்டியிருந்தேன். மற்றவர்களுக்கெல்லாம் மூன்று பேர் ஒரு வண்டியில். ஒருவர் ஓட்ட, மற்ற இருவர் பின்சீட்டில். எனக்கு அது வேண்டாம் என்றேன். "நேரம் மிச்சமாகும் சார்" என்று காரணம் சொன்னேன். அது பொய் என்று அப்போது எனக்கே தெரியாது.

மாஸ்டருக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவாக இருக்கும். அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. பயிற்சி வண்டியில் அப்படி இருக்க வேண்டும் என்பது சட்டம். முதல் வாரம் முழுக்க நான் ஓட்டுகிறேனா அவர் ஓட்டுகிறாரா என்பதே குழப்பம். நான் பிரேக்கை நினைக்கும்போதே வண்டி நின்றுவிடும். ஹாஃப் கிளட்ச் சொல்லிக்கொடுக்க மட்டும் அவர் காலை முழுவதுமாக எடுத்துக்கொண்டார். கிளட்சை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் கனக்கும், ஸ்டீயரிங்கில் ஒரு நடுக்கம் வரும், பானெட் ஒரு விரற்கடை தூக்கிக்கொடுக்கும். சுற்றுகிற ஃபிளைவீலில் கிளட்ச் பிளேட் பட்டும் படாமலும் உரசுகிற இடம் அது. அங்கே காலை நிறுத்த வேண்டும். ஒரு நூல் அதிகம் விட்டால் வண்டி குதித்து அணைந்துவிடும். "பால் பொங்கறப்ப அடுப்பைக் குறைப்பீங்கல்ல, அந்த மாதிரிக்கா" என்றார் மாஸ்டர். எங்கள் வீட்டில் பால் பொங்கி வழியாத நாள் கிடையாது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

பாலத்தில் நின்றது

பதினோராம் நாள் தென்னூர் மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தோம். பாதி ஏற்றத்தில் முன்னால் போன வண்டிகள் நின்றன, நானும் நின்றேன். அவை நகர்ந்தன. நான் கிளட்சை விட்டேன், வண்டி குதித்தது, அணைந்தது. சாவியைத் திருப்பினேன். மறுபடி குதித்தது, மறுபடி அணைந்தது, இந்த முறை ஒரு முழம் பின்னாலும் உருண்டது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் டவுன் பஸ். அதன் முகப்பு கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. அந்த டிரைவர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. அவருக்குப் பின்னாலிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். என் வலது கால் தையல் மிஷின் பெடலில் இருப்பதுபோலத் தானாக ஆட ஆரம்பித்தது. "நீங்க எடுங்க, நான் இறங்கிக்கறேன்" என்றேன். நடுப்பாலத்தில் எங்கே இறங்குவேன் என்று யோசிக்கவில்லை.

மாஸ்டர் தன் காலை எதிலும் வைக்கவில்லை. "ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கக்கா" என்றார். போட்டேன். "நியூட்ரல் பண்ணுங்க." பண்ணினேன். "இப்பக் கால எல்லாத்துலருந்தும் எடுங்க." எடுத்தேன். "வண்டி எங்கயாச்சும் போகுதா?" போகவில்லை. "போகாது. விடிய விடிய இப்படியே நிக்கும். இப்ப ஆபத்து ஒண்ணுமில்ல. ஒரு மூச்சு விட்டுட்டு மெதுவா எடுங்க."

அவர் சொன்னது முழுக்க உண்மை. வண்டி வீட்டுச் சுவர் மாதிரி அசையாமல் நின்றது. பின்னால் உருளாது, பஸ்ஸில் இடிக்காது, யாருக்கும் எதுவும் ஆகாது. ஆனால் என் கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது. உள்ளங்கை வியர்வையில் ஸ்டீயரிங் வழுக்கியது. அந்த நேரத்தில், அத்தனை ஹாரனுக்கு நடுவிலும், கணக்கு டீச்சர் புத்தி ஒரு கேள்வி கேட்டது. விபத்துக்குத்தான் பயம் என்றால், விபத்து நடக்கவே முடியாத இந்த நிமிடத்தில் பயம் இறங்கியிருக்க வேண்டுமே? சமன்பாட்டில் ஒரு பக்கத்தைப் பூஜ்யமாக்கிய பிறகும் மறுபக்கம் அப்படியே நிற்கிறதென்றால், சமன்பாட்டைத்தான் தப்பாக எழுதியிருக்கிறேன்.

எப்படியோ எடுத்தேன். ஹாஃப் கிளட்ச், கொஞ்சம் ஆக்சிலேட்டர், அப்புறம் ஹேண்ட் பிரேக்கை இறக்கு என்று அவர் சொல்லச் சொல்லச் செய்தேன், வண்டி ஏறியது. முந்திப் போன பஸ்ஸின் ஜன்னலில் ஒரு பள்ளிக்கூடப் பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். வீட்டுக்கு வந்து காபி போட்டுக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். பஸ் டிரைவர் முகம் நினைவில்லை. அந்தப் பையனின் பல் மட்டும் நினைவிருந்தது. விபத்து, உயிர், பாதசாரிகள் என்று நான் வீட்டுக்காரரிடம் அடுக்கிய பயமெல்லாம் சும்மா சொல்லிக்கொள்ள நன்றாக இருந்த பயங்கள். உண்மையான பயம் அந்தப் பல்தான். இந்த வயதில், பத்துப் பேர் நடுவில், தெரியாதவளாக உட்கார்ந்திருப்பது. பணம் கட்டி நான் வாங்கிய தனி வகுப்பு, பின்சீட்டில் அந்தப் பல் இருக்கக்கூடாது என்பதற்காக.

பயத்தை ஒழிக்கப் பத்து வழி, ஏழு வழி என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வாரம் ஒன்று வருகிறது. எல்லாவற்றிலும் முதல் வழி, பயத்தை எதிர்கொள். எந்தப் பயத்தை என்று ஒன்றிலும் இல்லை. நான் பதினொரு நாளாகத் தப்பான பயத்தை எதிர்கொண்டிருந்தேன்.

மதில் மேல் இருந்தவள்

அந்தப் பையன் சிரித்த சிரிப்பை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று இரண்டு நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள், வகுப்பில் கரும்பலகையைத் துடைக்கும்போது பிடிபட்டது. அது நான்.

1992, மாசி மாதம். எனக்கு 11 வயது. பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்தில் 1991-இல் வந்தது, அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தது, ஒரு லட்சம் பெண்களுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டது, இதெல்லாம் புதுக்கோட்டைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. பலமுறை எழுதியும் ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்தது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானம் மட்டும். செம்மண் தரை, ஓரமெல்லாம் நெருஞ்சி, ஒரு பக்கம் இடுப்பளவு மதில். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு. கிடைத்ததெல்லாம் பார் வைத்த பெரிய சைக்கிள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சின்னப் பையன்கள் மாதிரி பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுத்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் ஆரம்பித்தார்கள். பின்னால் ஓட்டத் தெரிந்த பிறகு அவர்களே அந்தப் பாரைத்தான் விரும்பினார்கள். குழந்தையை முன்னால் உட்கார வைக்கலாம் பாருங்கள்.

அம்மாவுக்கு அப்போது 31. மதில்மேல் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அம்மா ஏறினாள், நாலு மிதி மிதித்தாள், சைக்கிள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். முந்தானை செயினில் மாட்டிக்கொண்டது. எழவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் அவள் சேலையை உருவிக்கொண்டிருந்தபோது நான் சிரித்தேன். விழுந்து விழுந்து சிரித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன், பஸ்ஸில்தான். அம்மா திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். சுற்றிவளைக்காமல் கேட்டேன்.

"ஏம்மா, நீ சைக்கிள்லருந்து விழுந்தப்ப நான் சிரிச்சேன்ல, ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? மதில் மேல உக்காந்துக்கிட்டு நீதான மொதல்ல சிரிச்ச. உன்னயப் பாத்துத்தான் மத்த புள்ளைங்க சிரிச்சுச்சு." கீரை உருவுகிற கை நிற்கவில்லை. "அதுக்கப்புறம்தான் நாங்க ராத்திரிக்கு மாத்துனோம்."

இது எனக்குத் தெரியாது. அம்மாவும் மற்றவர்களும் இரவில்தான் சைக்கிள் பழகினார்கள் என்பது தெரியும். பகலெல்லாம் வயல்வேலை, குடுமியான்மலைப் பக்கம் கல் குவாரி வேலை, அதனால் இரவு என்று நானாகவே காரணம் வைத்திருந்தேன். போதாக்குறைக்குப் பள்ளியில் மகளிர் தின விழாவில், "பகலில் உழைத்து, இரவில் கற்ற தாய்மார்கள்" என்று மைக்கில் பேசிக் கைதட்டும் வாங்கியிருக்கிறேன். 32 வருடம் கழித்துத் திண்ணையில் சொல்கிறாள், பெற்ற மகள் சிரித்த சிரிப்புக்குத் தப்பித்துத்தான் இருட்டுக்குள் போனார்களாம்.

"பயமா இருந்துச்சாம்மா?"

"விழுறதுக்கா? வரப்புல விழாத விழுகையா. சேல தூக்கிக்குமோ, டீக்கடையில எவனும் பாத்துடுவானோன்னுதான்."

"அப்புறம் அந்தப் பயம் எப்பிடிப் போச்சு?"

"எங்க போச்சு? இருட்டுல யாருக்குத் தெரியப் போவுது? நாங்க எட்டுப் பேரு. ஒரு லைட்டு கெடையாது. தொப்புன்னு சத்தம் மட்டும் கேக்கும். 'யாருடி அது?'ன்னு ஒருத்தி கேப்பா. விழுந்தவ பேரச் சொல்ல மாட்டா, எந்திரிச்சு மண்ணத் தட்டிக்கிட்டு, 'தெரியலடி, யாரோ விழுந்துட்டா'ன்னு அவளே சொல்லுவா. எல்லாருமாச் சிரிப்போம் பாரு, வயிறு வலிக்கும்." அம்மா அதைச் சொல்லும்போது கீரையை வைத்துவிட்டாள். இருட்டில் கையை நீட்டி ஹேண்டிலைத் தேடுவதுபோல ஒரு சைகை செய்து காட்டினாள்.

1992 மார்ச் 8 மகளிர் தினத்தில் 1,500 பெண்களுக்கு மேல் ஹேண்டிலில் கொடி கட்டிக்கொண்டு புதுக்கோட்டையில் சைக்கிளில் போனார்கள். எங்கள் ஊரிலிருந்து நாலு பேர் போனார்கள். அம்மா போகவில்லை. ஏறத் தெரிந்துவிட்டது, ஓட்டத் தெரிந்துவிட்டது, இறங்கத் தெரியவில்லை. உயரமான கல்லாகப் பார்த்து ஓரங்கட்டி, அதன்மேல் காலை ஊன்றித்தான் இறங்குவாள். எங்கள் ஊர்ச்சாலை மெயின் ரோட்டில் ஏறுகிற இடத்தில் ஒரு மதகு உண்டு. அது ரொம்ப நாள் அம்மா இறங்குகிற இடமாகத்தான் இருந்தது. "அம்புட்டுக் கூட்டத்துல நான் எங்க போயி மதகத் தேடுறது?" என்றாள்.

காலை ஆறு மணி பேட்ச்

திங்கட்கிழமை பயிற்சிப் பள்ளிக்குப் போய்த் தனி வகுப்பு வேண்டாம், மூன்று பேர் வகுப்பில் சேர்த்துவிடுங்கள் என்றேன். கட்டிய பணம் திரும்ப வராது என்றார்கள். சரி என்றேன்.

ஆறு மணி பேட்சில் ஒரு கல்லூரிப் பெண், ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர், நான். தபால்காரர் வாழ்நாளெல்லாம் சைக்கிள் ஓட்டியவர். வளைவு வந்தால் ஸ்டீயரிங்கோடு தானும் சாய்ந்துவிடுவார். கல்லூரிப் பெண் ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் குனிந்து கியர் கம்பியைப் பார்ப்பாள், அதற்குள் வண்டி சாலையைவிட்டு இறங்கியிருக்கும். நான் ஏற்றத்தைக் கண்டால் அணைத்துவிடுவேன். ஒருவர் அணைத்தால் பின்சீட்டில் இருக்கும் இருவருக்கும் முதலில் வருவது நிம்மதி, அப்புறம்தான் சிரிப்பு. இரண்டாம் நாள் அம்மாவின் கதையை அவர்களிடம் சொன்னேன். அதிலிருந்து வண்டி அணைந்தால் பின்னாலிருந்து தபால்காரர், "யாரும்மா அது?" என்பார். ஓட்டுகிறவர், "தெரியல சார், யாரோ" என்று சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். ஹாரன் அடிக்கிறவர்கள் அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அதே தென்னூர் பாலம்தான், அதே மாதிரி பஸ்தான். என் கால் அப்போதும் ஆடியது, ஆடிக்கொண்டே கிளட்சைப் பிடித்தது.

இதில் மாஸ்டருக்கு ஒரு வருத்தம். நாங்கள் சீரியஸாக இல்லையாம்.

வகுப்பில் ஒன்றை மாற்றினேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், நோட்டில் கணக்கு முத்து முத்தாக இருக்கும், போர்டுக்குக் கூப்பிட்டால் எழுந்திருக்க மாட்டாள். "தப்பாப் போட்டாலும் பரவால்ல, பயப்படாம வா" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாற்பது ஜோடிக் கண்ணுக்கு முன்னால் தப்பாகப் போடுவது பரவாயில்லை என்று நான் எந்தத் தைரியத்தில் சொன்னேனோ. இப்போது போர்டை நாலாகக் கோடு போட்டுப் பிரித்து, நாலு பேரை ஒன்றாகக் கூப்பிடுகிறேன், நாலு கணக்கு. யார் என்ன போடுகிறார்கள் என்று பார்ப்பதற்குள் பெஞ்சில் இருப்பவர்களுக்குக் குழப்பமாகிவிடும். அவள் வருகிறாள். இன்னும் போர்டின் ஓரமாக நின்று, உடம்பால் மறைத்துக்கொண்டுதான் எழுதுகிறாள். எழுதட்டும்.

டெஸ்ட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பாஸ். தபால்காரருக்கு இரண்டாவது தடவையில் கிடைத்தது.

முதல் தனிப் பயணம் அம்மாவை அழைத்துவரத்தான். விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினேன், சாலையில் ஆள் இருக்கக்கூடாது என்று. விமான நிலையம், மாத்தூர், கீரனூர் என்று சுமார் 30 கிலோமீட்டரை ஒன்றேகால் மணி நேரத்தில் கடந்தேன். என்னை முந்தாத வண்டி கிடையாது. பால் கேன் கட்டிய டிவிஎஸ் எக்செல் ஒன்று கூட முந்தியது. வீட்டு வாசலில் நிறுத்தியபோது ஜாக்கெட் முதுகோடு ஒட்டியிருந்தது. அம்மா காரை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "தனியாவா வந்த?" என்றாள். அவ்வளவுதான் பாராட்டு. முன்சீட்டில் உட்கார்ந்து, மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

ஊர்ச்சாலை முடிந்து மெயின் ரோட்டில் ஏறுகிற இடம் இப்போது நல்ல மேடாகிவிட்டது. நெடுஞ்சாலையைத் திரும்பத் திரும்ப உயர்த்திப் போட்டதில் மதகு பாதி புதைந்து, மேல் விளிம்பு மட்டும் தெரிகிறது. எதிரே டீக்கடையில் காலைக் கூட்டம். வலப்பக்கம் வரிசையாக லாரிகள். நின்றேன். இடைவெளி கிடைத்ததும் கிளட்சை விட்டேன், வண்டி குதித்தது, அணைந்தது. பின்னால் காய்கறி ஏற்றிய லோடு ஆட்டோ ஒன்று உடனே ஹாரன் அடித்தது. டீக்கடையில் இரண்டு பேர் கிளாஸோடு திரும்பினார்கள்.

பக்கத்து சீட்டில் ஏதோ சத்தம். திரும்பினால், அம்மா மருந்துப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, முந்தானையால் துடைத்துக்கொண்டே, "யாருடி அது?" என்றாள்.

"தெரியலம்மா" என்று சொல்லி ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன்.